சார்ஜுக்கு வந்த போனை எடுத்துப் பேசியவன்

போன மாதம் பெரம்பலூரில் பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது என் வலது கை பெரிய சோதனையில் மாட்டிக்கொண்டது. பக்கத்துச் சுவரில் ஒரு பிளக் பாயிண்ட். கல்லூரிப் பெண் ஒருத்தி அதில் தன் போனை மாட்டி, பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டு ஜூஸ் குடிக்கப் போய்விட்டாள். போன் அடித்தது. திரையில் ‘அம்மா’ என்று வந்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பெரியவர் எடுத்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்கிற மாதிரி. நான் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏம்மா, இப்புடியா வுட்டுட்டுப் போவ? எவனாவது தூக்கிட்டுப் போனா என்ன பண்ணுவ? எடுத்துப் பேசிட்டா என்ன பண்ணுவ?”

“சாரி தாத்தா. நீங்க என்ன, போன் கம்பெனியில வேல பாத்தீங்களா?”

“சைக்கிள் ஸ்டாண்டுல.”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்கும் போனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். பதில் சொல்வதற்குள் அவள் பஸ் வந்துவிட்டது. சொல்லாமல் விட்டது தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் அரியலூரில் ஒரு தனியார் சைக்கிள் ஸ்டாண்டில் சேர்ந்தேன். பஸ் ஏற வருகிறவர்கள் சைக்கிளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பெரிய படிப்பு தேவைப்படாத வேலை. பூட்டிய சைக்கிளைக் கேரியரில் பிடித்துத் தூக்கி, முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போய் வரிசையில் செருக வேண்டும். டோக்கன் அட்டையைக் கிழித்துப் பாதியை வண்டியில் கட்டி, பாதியை ஆளிடம் கொடுக்க வேண்டும். முதல் ஒன்பது வருடத்தில் இதைத் தவிர நான் கற்றுக்கொண்டது எந்த சைக்கிள் யாருடையது என்பதுதான். மட்கார்டைப் பார்த்தே ஆளின் பெயரைச் சொல்வேன்.

பிறகு செல்போன் வந்தது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உற்சாகம் பொங்குகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் ஒருவர்தான் முதலில் வந்தார். செங்கல் கனத்துக்கு ஒரு போனை நீட்டி, “தங்கராசு, இத செத்த சொருவி வையி, ஜெயங்கொண்டம் போயிட்டு வந்துர்றேன்” என்றார். செருகினேன். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. சாப்பிடப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடத்துக்குள் தினமும் பத்து, பன்னிரண்டு போன் வர ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இணைப்புதான். பல்பு எரியும், பிளக் பாயிண்ட் கிடையாது. வீட்டில் போன் இருக்கும், சார்ஜுக்கு ஊருக்குள் வர வேண்டும். சைக்கிளை விடுகிற கையோடு போனையும் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஒல்லியான இரண்டு முள் சார்ஜரை மூன்று ஓட்டைப் பாயிண்டில் மாட்டுவதற்கு ஒரு வித்தை உண்டு. மேல் ஓட்டையில் தீக்குச்சியை விட்டு அழுத்தினால் உள்ளேயிருக்கும் மூடி விலகி வழிவிடும். தீக்குச்சி ஒடிந்துவிட்டால் ஹேர்பின். அதில் நான் மகா கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடைக்காரர்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

அந்த நினைப்பை உடைத்தவர் எங்கள் மேலாளர் ஜெயந்தி. முதலாளியின் மருமகள். பி.காம். படித்தவர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைத் தங்கராசண்ணே என்பார். கத்தவே மாட்டார். கோபம் வந்தால் பேனாவின் மூடியைக் கழற்றுவார், அவ்வளவுதான். ஒருநாள் முதலாளியே டோக்கனை வீட்டில் மறந்துவிட்டு வந்து தன் வண்டியைக் கேட்டார். “டோக்கன் மாமா” என்றார் அந்தம்மா. “நான் யாருன்னு தெரியலயா?” என்றார் முதலாளி. “தெரியுது மாமா. டோக்கன்.” மனிதர் முணுமுணுத்துக்கொண்டே வெயிலில் நடந்து போய் எடுத்து வந்தார்.

நான் ஹேர்பின்னோடு நிற்பதை அந்தம்மா ஒருநாள் பார்த்துவிட்டார். பேனா மூடி கழன்றது.

“அந்த ஓட்டையில கரண்டு இருக்காதுன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?”

“அது எர்த்துங்க. எர்த்துல எப்புடிங்க கரண்டு வரும்?”

“இந்தச் செவுத்துல எர்த்து இருக்கா?”

எனக்கு எப்படித் தெரியும்? எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் வந்து, முதலில் எரிகிற விளக்கின் சுவிட்சில் டெஸ்டரை வைத்துப் பார்த்து அது நல்ல டெஸ்டர்தான் என்று உறுதி செய்துகொண்டு, பிறகு நம் பாயிண்டின் மேல் ஓட்டையில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. எந்தக் காலத்திலோ எவனோ வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான். அத்தனை நாளும் ஹேர்பின்னின் நுனியில் இருந்த பிளாஸ்டிக் குமிழ்தான் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. நான் ஹேர்பின்னை அந்தம்மாவின் மேஜையில் வைத்துவிட்டேன்.

அன்றிலிருந்து போனுக்கும் சட்டம் வந்தது. எர்த்து போட்டுப் புதுப் போர்டு அடித்தோம். சுவரில் இருபது அறை உள்ள மர அடுக்கு, அறைக்கு ஒரு நம்பர். சைக்கிள் மாதிரியே அட்டையைக் கிழித்து, பாதி போனில் ரப்பர் பேண்டோடு, பாதி ஆளிடம். திரும்பக் கொடுக்கும்போது இரண்டு பாதியின் கிழிசலும் பொருந்துகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். வயர் பிய்ந்த சார்ஜரைத் தொடவே கூடாது. பிளக் இல்லாமல் வெறும் வயரைக் கொண்டு வந்து, தீக்குச்சி வைத்துச் செருகச் சொல்கிறவரைக் கும்பிட்டு அனுப்பிவிட வேண்டும். ஒரே நேரத்தில் ஆறு போன்தான். அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு போனின் முதுகிலும் புறங்கையை வைத்துப் பார்த்து, கொதிக்கிற போனைக் கழற்றிவிட வேண்டும். இடி இடித்தால் மெயினையே இறக்கிவிட வேண்டும். இவ்வளவும் யோசித்த மேனேஜரம்மா ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. போன் என்றால் அடிக்கும்.

இப்போது செல்வி.

கிழக்கே மூன்று மைல் தள்ளி ஒரு ஊரிலிருந்து தினமும் காலையில் ஏழேமுக்காலுக்குச் சைக்கிளில் வருவாள். முப்பது வயது இருக்கும். பெரம்பலூரில் பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் வேலை. பழைய போன், ஒரு நாள்கூட பேட்டரி தாங்காது. பதினேழாம் நம்பர் அறை அவளுக்கென்றே ஆகிவிட்டது. கணவர் துபாயில் கட்டட வேலை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு அவர் கூப்பிடுவார். அதனால் வெள்ளிக்கிழமை மட்டும் கடையில் சொல்லிவிட்டு நாலு மணிக்கெல்லாம் வந்து போனை வாங்கிக்கொண்டு, அப்படி மிதித்துக்கொண்டு போவாள். ஐந்து மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பாள். ஏன் இந்தப் பெண் இப்படிப் பறக்கிறது, இங்கேயே நின்று பேசினால் என்ன என்று நான் நினைத்ததுண்டு. கேட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்த பஸ் வழியில் பஞ்சர். ஐந்து மணி ஆகியும் ஆள் வரவில்லை. பதினேழாம் அறையில் போன் அடித்தது. திரையில் நீள நம்பர், வெளிநாட்டு நம்பர். நின்றது. அடித்தது. நின்றது. அடித்தது. கடல் தாண்டி ஒரு மனிதன் வாரத்துக்கு ஒருநாள் கூப்பிடுகிறான், யாரும் எடுக்கவில்லை என்றால் என்ன நினைப்பான், மனைவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதற மாட்டானா? நம் ஊரில் பக்கத்து வீட்டில் போன் அடித்தாலே ஓடிப்போய் எடுத்துச் சொல்கிற ஆட்கள் நாம். மேனேஜரம்மா உள்ளே இருந்தார். ஏழாவது தடவை அடித்தபோது எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், துபாயிலிருந்து வருகிற குரலைக் கேட்க எனக்கும் ஆசைதான். உற்சாகமாக ஹலோ என்றேன். ஒரு நிமிடம் பேசியிருப்பேன். அந்தப் பக்கம் பட்டென்று வைத்துவிட்டார். லைன் கட்டாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குச் செல்வி ஓட்டமாக வந்தாள். நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு அவசரம்.

“ஒண்ணும் கவலப்படாதம்மா. ஒங்க வூட்டுக்காரரு கூப்புட்டாரு. நானே எடுத்துப் பேசிட்டேன்.”

“என்னண்ணே பேசுனீங்க?”

“நீ பெரம்பலூரு வேலைக்குப் போயிருக்கன்னு சொன்னேன்.”

அவள் சைக்கிள்களுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “அண்ணே, வூட்டுல தையலு கத்துக்கப் போறேன்னுதான் சொல்லியிருக்கேன். நான் வேலைக்குப் போறது அவருக்குத் தெரியாதுண்ணே.”

மேனேஜரம்மா வெளியே வந்தார். செல்விக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டோக்கன் புத்தகத்தின் பின் அட்டையைத் திருப்பினார்.

“அவரு என்ன கேட்டாரு, நீங்க என்ன சொன்னீங்க. ஒரு வார்த்த வுடாம சொல்லுங்கண்ணே.”

சொன்னேன். எழுதினார். முடித்ததும் எனக்கே வாசித்துக் காட்டினார், ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல.

“‘ஹலோ, செல்வியா?’ ‘இல்லீங்க, செல்வி இல்லீங்க.’ ‘நீ யாரு?’ ‘நான் தங்கராசு.’ ‘செல்வி எங்க?’ ‘பெரம்பலூரு வேலைக்குப் போயிருக்கு, இன்னும் வரலீங்க, அதான் நானும் பாத்துக்கிட்டே இருக்கேன்.’ ‘அவ போனு எப்புடி உங்கிட்ட?’ ‘தெனமும் எங்கிட்டதாங்க குடுத்துட்டுப் போவும். நாம பழகுன ஆளுதானே.’”

பேனாவை மூடினார். “இத நீங்க துபாய்ல உக்காந்து கேக்குற மாதிரி கேட்டுப் பாருங்கண்ணே.”

கேட்டுப் பார்த்தேன். சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சைக்கிள் ஸ்டாண்ட் என்கிற ஒரே ஒரு வார்த்தையைத்தான் சொல்லாமல் விட்டிருந்தேன். என் நாக்கில் சனி உட்கார்ந்து விளையாடிவிட்டது.

செல்வி அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். போனை வாங்கிக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து போனாள்.

மறுநாள் காலை ஏழேமுக்காலுக்கு அவள் வரவில்லை. ஒன்பது மணிக்கு அவள் கணவரின் அண்ணன் வேலாயுதம் வந்தார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், மீசையெல்லாம் வெள்ளைத் தூசி. மோட்டார் பைக்கின் பின்னால் செல்வியை உட்கார வைத்துக் கூட்டி வந்திருந்தார். துபாயிலிருந்து தம்பி இரவோடு இரவாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

“யாருய்யா இங்க தங்கராசு?”

நான்தான் என்று எழுந்தேன். நம்மால் ஒரு குடும்பம் பிரியப் போகிறதே என்பதுதான் எனக்குக் கவலை, அடி விழும் என்கிற பயம்கூட அப்புறம்தான்.

மேனேஜரம்மா இருவருக்கும் நடுவில் வந்தார். “தப்பு எங்களுதுங்க. இவங்க போன எங்க ஆளு எடுத்துப் பேசிட்டாரு. எடுத்திருக்கக் கூடாது. கேக்க வேண்டியத எங்கிட்ட கேளுங்க. பஸ் டைமு, கூட்டமா இருக்கு. செத்த உக்காருங்க, வந்துர்றேன்.” சொல்லிவிட்டு வேலாயுதத்தை என் ஸ்டூலிலேயே உட்கார வைத்தார். அது மர அடுக்குக்கு நேர் எதிரே.

திட்டம் போட்டுச் செய்தாரா, தற்செயலா என்று அந்தம்மா கடைசி வரைக்கும் எனக்குச் சொல்லவில்லை. அடுக்கில் நாலாம் நம்பர் போன் அடித்தது. கீரைக்கட்டு விற்கிற அம்மாவின் போன். நின்றது. மறுபடி அடித்தது. வேலாயுதம் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை அடித்தபோது அவருக்குத் தொடை ஆட ஆரம்பித்தது. “என்னய்யா, அடிச்சிக்கிட்டே இருக்கு” என்றார். ஐந்தாவது தடவை.

எடுத்துவிட்டார்.

“ஹலோ. … அம்மா இல்லப்பா. … நான் வேலாயுதம். … இல்லப்பா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆவல. நீ பயப்படாத. … யப்பா, அழுவாத, நான் சொல்றதக் கேளு.”

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டார்கள். அரை மணி நேரத்தில் கீரைக்கார அம்மாவின் மகன், மருமகள், சம்பந்தி மூன்று பேரும் ஒரே பைக்கில் வந்து இறங்கினார்கள். மருமகள் தலைவிரி கோலமாக இருந்தாள். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார்கள். கீரைக்கார அம்மா அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வந்து, “எல்லாரும் ஏன்டா வேலைக்குப் போவாம இங்க நிக்கிறீங்க?” என்றதும் செல்விக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

வேலாயுதம் மீசையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், “சரிய்யா, போனு வெவகாரத்த நான் தம்பிகிட்ட சொல்லிக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டுன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் விடவில்லை, மேனேஜரம்மா பக்கம் திரும்பினார். “வேலைக்குப் போறத மறைச்சது? அதுக்கு என்னங்க சொல்றீங்க?”

“அது எங்க அடுக்குல இல்லீங்க. அவங்களத்தான் கேக்கணும்.”

செல்வி நிமிர்ந்தாள். “கேட்டா வேணாம்பாரு மாமா. அதான் கேக்கல. நான் தப்பான எடத்துக்குப் போவல, தையக்கடைக்குத்தான் போறேன்.”

“அத எங்கிட்ட சொல்லி என்னாவும்? வெள்ளிக்கெழம கூப்புடுவான். நீயே சொல்லு. அது வரைக்கும் வூட்டுல இரு.”

அந்த ஒரு வாரம் பதினேழாம் அறை காலியாகக் கிடந்தது. போன் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரா, வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுவாரா, இரண்டையும் பிடுங்கிவிட்டால் என் பாவத்தை எங்கே கொண்டு போய்க் கழுவுவது என்று சாப்பாடு இறங்கவில்லை. மேனேஜரம்மா அந்த வாரம் அட்டையில் புதிதாகச் சிவப்பு மையில் எழுதி மாட்டினார். போனை அணைத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், சிம் கார்டைக் கழற்றி உடையவரே வைத்துக்கொள்ள வேண்டும், ஸ்டாண்ட் ஆட்கள் எந்தப் போனையும் எடுத்துப் பேச மாட்டார்கள். கடைசி வரியை எழுதும்போது என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் அந்தம்மா எனக்குக் கொடுத்த தண்டனை.

வெள்ளிக்கிழமை நாலரைக்குச் செல்வி வந்தாள். மாமியாருக்கு முன்னால் பேச முடியாது, இங்கேயே பேசிக்கொள்கிறேன் என்று மேனேஜரம்மாவிடம் கேட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். போனை மடியில் வைத்திருந்தாள். ஐந்து மணிக்கு அடித்தது. எடுக்கவில்லை. நின்றது. எனக்கு எடும்மா எடும்மா என்று வாய் வரை வந்துவிட்டது. இரண்டாவது தடவை அடித்தது. ஒரு மூச்சு இழுத்து விட்டு எடுத்தாள்.

“ம், நாந்தான். … வூட்டுல இல்லீங்க, டவுன்ல இருக்கேன். … ஆமா, வேலைக்குப் போறேன். மூணு மாசமா. … கேட்டா வேணாம்னு சொல்லிருப்பீங்க.”

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. ஸ்டாண்டின் கடைக்கோடிக்குப் போய், நேராகவே நின்ற சைக்கிள்களைத் தூக்கித் தூக்கி நேராக வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பத்து நிமிடம் பேசினாளோ, இருபது நிமிடமோ. ஒரு தடவை குரல் உயர்ந்தது. யாருடைய பேச்சு ஜெயித்தது என்று அங்கிருந்து தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் சைக்கிளில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேனேஜரம்மாவிடம் கேட்டேன். “நான் உள்ள இருந்தேண்ணே” என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. ஏழரையிலிருந்து கிழக்கு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழேமுக்கால் தாண்டியது. எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அந்த மட்கார்டு தெரிந்தது. என் பக்கத்தில் வந்து சைக்கிளை நிறுத்தினாள். கழுத்தில் தையல் டேப், கையில் சாப்பாட்டுத் தூக்கு. என் எதிரிலேயே போனை அணைத்தாள். மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்து, நகத்தால் சிம்மை நெம்பி, முந்தானை முடிச்சில் இறுக்கி முடிந்துகொண்டாள். மறுபடி பேட்டரியைப் போட்டு, ஊமைப் போனை என்னிடம் நீட்டினாள்.

“சார்ஜு மட்டும் ஏத்துங்கண்ணே” என்றாள்.